சத்தம் நின்ற பிறகு

லாண்ட்ரியில் எல்லோரும் அவளைப் பெரியக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். வயதில் மூத்தவள் என்று ஆரம்பித்த பெயர். உடம்பு பெருக்கப் பெருக்க அதற்கு இன்னொரு அர்த்தமும் சேர்ந்துகொண்டது. அது அவளுக்கும் தெரியும். ஆனால் பத்தொன்பது வருஷமாக ஒரே மெஷின் முன்னால் நிற்கிறவளிடம் அதை யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

மூன்று ஆஸ்பத்திரிகளின் துணி அங்கேதான் வந்து விழும். கொதிநீரில் வெந்து, பிழிந்து, அரை ஈரமாக வரும் படுக்கை விரிப்புகளைப் பெரியக்கா ஒரு முனை, எதிரே நிற்கும் குச்சி என்கிற பெண் ஒரு முனை என்று பிடித்து உதறி, சூடான உருளைகளுக்கு நடுவே விடவேண்டும். அந்தப் பக்கம் விரிப்பு காய்ந்து, மொறமொறவென்று வெளியே வரும். நாள் முழுக்க நீராவி. கூரையில் மின்விசிறி சுற்றும். காற்று கீழே வராது. நூல் தூசி பனி மாதிரி பறந்து புருவத்தில் ஒட்டும். குச்சி பேருக்கேற்ற மாதிரி ஒல்லி, வாய் மட்டும் ஓயாது. இரண்டு பேரும் எதிரெதிரே நின்றால் ஒன்றும் சைபரும் மாதிரி இருக்கும் என்று டிரைவர்கள் சிரிப்பார்கள்.

"க்கா, இன்னைக்கு என்ன கிழமை?"

"வியாழன்."

"அப்போ நேத்து புதன். நேத்து ராத்திரிதானே உனக்கு அந்தத் தூக்க டெஸ்ட்டு?"

பெரியக்கா விரிப்பின் முனையை இழுத்து நேராக்கினாள். "தள்ளிப் போட்டுட்டேன்."

"மறுபடியுமா? போன தடவ வீட்டுக்குத் தூரம்னு சொன்ன. இந்தத் தடவ என்ன சாக்கு?"

"வேலை அதிகம்னு சொன்னேன்."

"யார்கிட்ட? நம்ம சூப்பர்வைசர் மூணு நாள் லீவு எடுத்துக்கோன்னு கையெழுத்தே போட்டுக் குடுத்துட்டாரு!" குச்சி விரிப்பை விட்டுவிட்டு இடுப்பில் கை வைத்தாள். "ஏன்க்கா, வயித்தையே அறுத்துச் சின்னதாக்கப் போறாங்க. அதுக்கு நீ பயப்படல. ஒரு ராத்திரி போய்ப் படுத்துத் தூங்கிட்டு வான்னா அதுக்கு ஏன் இப்படி நடுங்கற?"

"நடுங்கல. விரிப்பப் பிடி, கசங்குது."

உண்மையில் அவள் நடுங்கவில்லைதான். பயம் என்று சொல்லும்படி ஒன்றும் உள்ளே இருக்கவில்லை. ஊசி போட்ட ஈறு மாதிரி மரத்துக் கிடந்தது.

எல்லாவற்றுக்கும் காரணம் இதே உருளை மெஷின்தான். நான்கு மாதத்துக்கு முன் ஒரு பிற்பகல், நின்றபடியே அவளுக்குக் கண் செருகிவிட்டது. விரிப்போடு சேர்ந்து அவள் கையும் உருளைப் பக்கம் போனது. குச்சி பார்த்துவிட்டுக் கத்திக்கொண்டே சிவப்பு பட்டனை அடித்தாள். இன்னும் நாலு விரற்கடை போயிருந்தால் கை இல்லை. சூப்பர்வைசர் அன்றே அவளை டாக்டரிடம் அனுப்பினார். அந்த டாக்டர் இன்னொரு டாக்டரிடம் அனுப்பினார். சர்க்கரை, ரத்தக் கொதிப்பு, தேய்ந்த முட்டி, எல்லாம் பார்த்துவிட்டு, எடையைக் குறைக்க ஆபரேஷன்தான் வழி என்றார்கள். சரி என்று தலையாட்டினாள். அதற்கு முன்னால் ஒரு தூக்கப் பரிசோதனை, மூச்சு தடைபடுகிறதா என்று பார்க்காமல் மயக்க மருந்து கொடுக்க மாட்டோம் என்றபோதுதான் அவள் தலையாட்டுவது நின்றுபோனது.

வீட்டில் மூன்று பேர். புருஷன் ரொட்டித் தொழிற்சாலையில் ராத்திரி வேலை. பத்து மணிக்குப் போனால் விடிந்து ஆறு மணிக்கு மாவு வாசனையோடு வருவார். படுக்கையறையில் கட்டில் அவளுக்கு. பக்கத்தில் தரையில் மெத்தை போட்டு மகள். பதினாறு வயது, பரீட்சை வருஷம். அம்மாவின் குறட்டைக்குக் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு, அதையும் கிண்டல் செய்துகொண்டு வளர்ந்த பெண்.

அவருக்கு விடுமுறையான ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். மகள் போனை எடுத்தாள்.

"அப்பா, ஒரு கச்சேரி கேக்கறீங்களா? நேத்து ராத்திரி பதிவு பண்ணேன்."

குறட்டை. வீடு முழுக்க நிறைந்தது. அவர் சாப்பாடு புரையேறும் அளவுக்குச் சிரித்தார். "யாருடி இது, லாரிய மேட்டுல ஏத்தறது?"

"பொறுங்கப்பா, இனிமேதான் வேடிக்கையே. இப்போ லாரி நின்னுடும்."

நின்றது. போனில் ஒன்றும் இல்லை. எங்கோ நாய் குரைப்பது மட்டும் கேட்டது. அப்பாவும் மகளும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு காத்திருந்தார்கள். பெரியக்கா கையிலிருந்த கவளத்தைத் தட்டில் வைத்தாள். இன்னும் இல்லை. இன்னும் இல்லை. பிறகு தண்ணீருக்குள்ளிருந்து தலையைத் தூக்கினவள் மாதிரி ஒரு பெரிய இழுப்பு. மறுபடி லாரி கிளம்பியது. இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"அந்தச் சத்தம் நிக்குதுல்ல, அந்த நேரம் நீ என்ன பண்ணுவ?" என்று அவள் மகளைக் கேட்டாள்.

"என்ன பண்ணுவேன்? விட்டுச்சுடா சாமின்னு கண்ண மூடுவேன். அதுக்குள்ள நீ மறுபடி ஆரம்பிச்சிடுவ."

மறுநாள் மகளின் மெத்தையைச் சுருட்டிக் கூடத்தில் போட்டாள். "இனிமே இங்க படு."

"ஏம்மா? பதிவு பண்ணதுக்குக் கோபமா? சும்மா விளையாட்டுக்குத்தானே..."

"கோபமெல்லாம் இல்ல. படுன்னா படு."

"கூடத்துல கொசு கடிக்குது."

"கொசுவத்தி ஏத்தி வெச்சுக்க."

அவள் காரணம் சொல்லவில்லை. அந்தக் காரணத்தை இருபத்தேழு வருஷமாக யாரிடமும் சொன்னதில்லை.

அவளுக்கும் அப்போது பதினாறு. அப்பா மரம் அறுக்கும் மில்லில் வேலை. பருத்த உடம்பு, மரத்தூள் படிந்த கழுத்து. அம்மா தம்பியை வைத்துக்கொண்டு உள்ளறையில் படுப்பாள். முன்னறையில் அப்பாவும் அவளும். அப்பாவின் குறட்டை தெருக்கோடி வரை கேட்கும். அடுத்த நாள் கணக்குப் பரீட்சை. தலையணையைக் காதில் அழுத்திக்கொண்டு, புரண்டு புரண்டு படுத்து, கடைசியில் அழுகை வந்து, 'கொஞ்ச நேரமாச்சும் நிறுத்தேன்ப்பா' என்று இருட்டில் முனகினாள். கொஞ்ச நேரத்தில் சத்தம் நின்றது. அப்பாடா என்று சொன்னாள். வாய்விட்டே சொன்னாள். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்து, அடித்துப்போட்ட மாதிரி தூங்கினாள்.

விடிந்தபோது அப்பா சில்லிட்டுக் கிடந்தார்.

வந்தவர்கள் எல்லோரும் ஒரே பேச்சைத்தான் பேசினார்கள். தூக்கத்திலேயே போயிட்டாரு, ஒரு நோவு இல்ல நொடி இல்ல, கொடுத்துவெச்ச மனுஷன். அம்மா இன்றைக்கும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறாள். பெரியக்கா அன்றைக்கு அழவில்லை. அழாமல் நின்றதைப் பார்த்து, பெண் கல்லுளிமங்கி என்று யாரோ சொன்னார்கள். அதற்குப் பிறகு அப்பாடா என்ற சொல் அவள் வாயிலிருந்து வந்ததில்லை. பாரம் இறக்கினாலும், பஸ்ஸில் இடம் கிடைத்தாலும், பிள்ளை பெற்றுப் படுத்தபோதும் வரவில்லை.

மூன்றாவது தடவை தேதி கொடுத்தபோது தப்ப முடியவில்லை. புருஷன் அன்றைக்கு வேலைக்கு லீவு சொல்லிவிட்டு, மாற்றுப் புடவை, நைட்டி, சீப்பு எல்லாம் பையில் வைத்துத் தானே கொண்டுபோய் விட்டார்.

"இங்க பாரு. நல்லாக் காலை நீட்டிப் படுத்துத் தூங்கு. உனக்கு அது ஒண்ணுதான் நல்லா வரும்" என்றார். அவள் சிரிக்கவில்லை என்றதும் குரலைத் தாழ்த்தினார். "கூட இருக்கட்டுமா? கேட்டுப் பாக்கறேன். வெளிய பெஞ்சுல ஒக்காந்திருப்பேன்."

"வேண்டாம். வீட்டுல புள்ள தனியா இருப்பா. போங்க."

அறை சின்ன லாட்ஜ் அறை மாதிரி இருந்தது. ஒரு கட்டில், ஒரு நாற்காலி, சுவர் மூலையில் ஒரு காமிரா. கட்டிலைப் பார்த்ததும் அவள் கை தானாகப் போய் விரிப்பின் ஓரத்தைப் புரட்டியது. மூலையில் சிவப்பு நூல் குறி. அவளுடைய லாண்ட்ரியில் வெளுத்ததுதான். மடிப்பு ஒரு விரல் அகலம் கோணியிருந்தது. திங்கட்கிழமை மெஷினில் விட்டதாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

டெக்னீஷியன் முப்பது வயதுக்குள் இருக்கும் பெண். பேசிக்கொண்டே வேலை செய்தாள். தலைமுடியை வகிர்ந்து வகிர்ந்து பசை தடவி ஒயர் ஒட்டினாள். கண் ஓரத்தில், தாடையில், காலில் ஒட்டினாள். மார்புக்கு ஒரு பட்டை, வயிற்றுக்கு ஒரு பட்டை. வயிற்றுப் பட்டை எட்டவில்லை.

"ஒரு நிமிஷம்மா, பெரிய சைஸ் எடுத்துட்டு வரேன்" என்று வெகு சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போய் வேறொன்று கொண்டுவந்தாள். விரலில் கிளிப், மூக்கில் குழாய். எல்லாம் முடிந்ததும் பெரியக்கா அசையாமல் கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள்.

"கூச்சமா இருக்காம்மா? ஒயரெல்லாம் இருக்கறப்போ எப்படித் தூங்கறதுன்னுதான் எல்லாரும் கேப்பாங்க. பத்து மணிக்கு மேல எல்லாரும் தூங்கிடுவாங்க."

"நீங்க தூங்குவீங்களா?"

"நானா? நான் தூங்கினா வேலை போயிடும். பக்கத்து ரூம்ல திரையப் பாத்துக்கிட்டே இருப்பேன், விடியற வரைக்கும்."

"மூச்சு நின்னா தெரியுமா?"

"நின்ன உடனே தெரியும்."

"தெரிஞ்சா எழுப்புவீங்களா?"

டெக்னீஷியன் ஒயர் கட்டைக் கையில் வைத்துக்கொண்டு அவளைப் பார்த்தாள். "சாதாரணமா எழுப்ப மாட்டோம்மா. உங்க மூளையே உசுப்பிவிட்டுடும், மூச்சு திரும்ப வந்துடும். அதத்தான் எண்ணறோம். ஆனா அளவு ரொம்பக் கீழ போச்சுன்னா ஓடி வருவேன். என் நாற்காலியிலேர்ந்து ஆறு எட்டு வெச்சா இந்தக் கதவு."

"ஒரு வேளை... திரும்ப வரலன்னா, அவங்களுக்கு வலிக்குமா?"

"அது எனக்குத் தெரியாதும்மா" என்றாள் அவள். அவசரப்பட்டு ஆறுதல் சொல்லவில்லை. "டாக்டர்கிட்ட கேளுங்க. இப்போ படுங்க. நான் முழிச்சிருக்கேன்."

விளக்கு அணைந்தது. தூங்கக் கூடாது என்றுதான் அவள் வந்திருந்தாள். தூங்காவிட்டால் எண்ண ஒன்றும் இருக்காது; எண்ணாவிட்டால் அது உண்மையாகாது. மல்லாந்து கிடந்து காமிராவின் சிவப்புப் புள்ளியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்து அறையில் நாற்காலி நகரும் சத்தம், டீ கிளாஸ் வைக்கும் சத்தம். ஒருத்தி முழித்திருக்கிறாள். ஆறு எட்டு தூரத்தில். அந்த நினைப்பிலேயே கண் சொக்கியது. எப்போது தூங்கினாள் என்று அவளுக்கே தெரியாது.

ஒரு வாரம் கழித்து முடிவு வாங்கப் போகும்போது மகள் கூட வந்தாள். புருஷன் ராத்திரி வேலை முடிந்து வந்து தூங்கிக்கொண்டிருந்தார். டாக்டர் கண்ணாடி போட்ட அம்மா. வெளியே இருபது பேர் காத்திருந்தார்கள். தாளைப் பார்த்தபடியே பேசினார்.

"மணிக்கு அம்பத்திரெண்டு தடவை மூச்சு தடைபடுது. ஒரு தடவை நாப்பத்தெட்டு செகண்ட். இது ரொம்ப அதிகம். நீங்க ராத்திரி தூங்கறதா நினைச்சிட்டு இருக்கீங்க. தூங்கவே இல்ல. ஒவ்வொரு நிமிஷமும் உடம்பு முழிச்சு முழிச்சுப் போராடுது. அதான் பகல்ல கண் செருகுது. ஒரு மெஷின் எழுதித் தரேன், மூக்குல மாஸ்க் மாதிரி போட்டுக்கணும். ஆறு வாரம் போட்டுட்டு வாங்க. அப்புறம் ஆபரேஷன் தேதி பாக்கலாம்."

பெரியக்கா தலையாட்டினாள். ஐம்பத்திரண்டு என்ற எண் உள்ளே போய் எதன் மேலும் படாமல் கிடந்தது. எழுந்துகொள்ளப் போனவள் மறுபடி உட்கார்ந்தாள்.

"டாக்டர், இப்படி நின்னுபோறவங்கள, பக்கத்துல இருக்கறவங்க தட்டி எழுப்பினா பொழைச்சுக்குவாங்களா?"

"யாரு?"

"பொதுவா கேட்டேன்."

"பொதுவா சொல்ல முடியாதும்மா. ஹார்ட்டா இருக்கும், வேற எதாவதா இருக்கும். ஆளப் பாக்காம என்ன சொல்றது?" டாக்டர் மணியை அடித்தார். அடுத்த ஆள் உள்ளே வந்துவிட்டார்.

பஸ் நிறுத்தத்தில் நல்ல வெயில். தகரக் கூரைக்கு அடியில் அவர்கள் இரண்டு பேர்தான். மகள் ஆஸ்பத்திரியிலேயே வாங்கிக்கொண்ட மெஷின் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பெட்டி நழுவாமல் அணைத்துப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"யார எழுப்பறதப் பத்திம்மா கேட்ட?"

"சும்மா."

"சும்மா இல்ல. உன் மூஞ்சி சரியில்ல."

பஸ் ஒன்று வந்து நின்று, அவர்கள் ஏறாததால் போனது. அதன் புகை அடங்கும்வரை பெரியக்கா பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள். துணி எண்ணிக்கை ஒப்பிக்கிற குரலில் சொன்னாள். முன்னறை, பரீட்சை, தலையணை, நிறுத்தேன்ப்பா என்று முனகினது, நின்றது, தான் சொன்ன அந்த ஒரு சொல், திரும்பிப் படுத்தது. எதையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

மகள் பெட்டியின் கைப்பிடியைத் திருகிக்கொண்டிருந்தாள்.

"அதனாலதான் என்னைய கூடத்துக்குத் துரத்துனியா?"

"ம்."

"நான் என்னவோ நீ என்னைய வெறுத்துட்டன்னு நெனச்சேன். மூணு மாசமா. தெரியுமா உனக்கு?"

"தெரியாது."

"சொல்லியிருந்தா நான் முழிச்சிருந்து உன்னத் தட்டியிருப்பேன்ல?"

"அதுக்குத்தான் சொல்லல" என்றாள் பெரியக்கா. "அது உன் வேலை இல்ல. நீ படிக்கணும், தூங்கணும். அம்மா மூச்சு விடறாளா இல்லையான்னு காவல் காக்கறதுக்கா உன்னப் பெத்தேன்?"

மகள் சட்டென்று திரும்பினாள். "அப்போ தாத்தாவ காவல் காக்கறது மட்டும் உன் வேலையா?"

எதிரே ஒரு கடைக்காரன் வெயில் மறைப்புக்குச் சாக்கை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தான். அவன் முடிச்சுப் போடும்வரை பெரியக்கா பார்த்தாள்.

"சொல்லும்மா."

"எனக்குத் தெரியலடி" என்றாள். "இவ்வளவு வருஷத்துல யாரும் என்னைய இப்படிக் கேட்டதில்ல."

"நீ யார்கிட்டயாவது சொல்லியிருந்தாத்தானே கேப்பாங்க."

அடுத்த பஸ்ஸில் ஏறினார்கள். மகள் பெட்டியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் அம்மாவின் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டே வந்தாள், சின்னக் குழந்தை மாதிரி.

அன்றைக்கு ராத்திரி புருஷன் வேலைக்குக் கிளம்புவதற்கு முன் மூன்று பேருமாக மெஷினைப் பொருத்தினார்கள். டப்பாவில் தண்ணீர் ஊற்று, குழாயைச் சொருகு, பட்டையைப் பின்னால் இழு என்று மகள் காகிதத்தைப் பார்த்துப் படித்தாள். மாஸ்க்கை மாட்டிக்கொண்டு பெரியக்கா நிமிர்ந்ததும் அவர் இரண்டடி பின்னால் போய்ப் பார்த்தார்.

"விமானம் ஓட்டறவ மாதிரி இருக்க. கிளம்பு, என்னையும் தொழிற்சாலையில எறக்கி விட்டுடு."

மாஸ்க்குக்குள் அவள் உதடு அசைந்தது. சிரிப்பு என்று சொல்ல முடியாது. அதற்குப் பக்கத்தில் வந்த ஏதோ ஒன்று. மகள் யாரையும் கேட்காமல் மெத்தையைச் சுருட்டிக்கொண்டு வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் போட்டாள். பெரியக்கா தடுக்கவில்லை.

முதல் இரண்டு நாள் மாஸ்க் குத்தியது, காற்று கண்ணில் அடித்தது, நடுவில் பிய்த்துப் போட்டாள். மூன்றாம் நாள் ராத்திரி பட்டையைத் தளர்த்திக் கட்டினாள். ஆறு வாரம் போன பிறகு ஆபரேஷனும் ஒரு சிக்கலும் இல்லாமல் நடந்து முடிந்தது. அதில் சொல்ல ஒன்றுமில்லை. சொல்ல இருப்பது அந்த மூன்றாம் ராத்திரிக்குப் பிறகு வந்த விடியல்தான்.

கண் விழித்தபோது அறை முழுக்க வெளிச்சம். ஏதோ தப்பாக நடந்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தாள். மெத்தை சுருட்டியிருந்தது; மகள் பள்ளிக்கூடம் போயிருந்தாள். கூடத்தில் அவர் போர்வைக்குள் கிடந்தார். மணி எட்டரை. தலை கனக்கவில்லை. கண் எரியவில்லை. வாய் வறண்டிருக்கவில்லை. காலைக் கீழே வைத்தாள். தரையின் குளிர்ச்சி உள்ளங்காலில் தெரிந்தது. ஜன்னலில் ஒரு காக்கை கத்தியது, அதன் ஒவ்வொரு கத்தலும் தனித்தனியாகக் கேட்டது. தூங்கி எழுந்தவர்களுக்கு உலகம் இப்படித்தான் இருக்குமா என்று நினைத்தாள். இத்தனை வருஷமும் மற்றவர்களுக்கெல்லாம் தினமும் இப்படித்தான் விடிந்ததா?

அப்போது அப்பா ஞாபகத்துக்கு வந்தார். செத்துக் கிடந்த அப்பா இல்லை. சாப்பிட உட்கார்ந்து, கவளம் பாதி வழியில் இருக்கும்போதே கண் செருகிவிடும் அப்பா. தட்டில் கை விழும். அம்மா திட்டுவாள். அவளும் தம்பியும் மூக்கில் கோழி இறகை விட்டுச் சிரிப்பார்கள். அவர் திடுக்கிட்டு விழித்து, பிள்ளைகளின் சிரிப்பைப் பார்த்துத் தானும் சிரிப்பார். ஒரு தடவைகூடக் கோபப்பட்டதில்லை. தூங்காமலேயே போய் ரம்பத்துக்கு முன்னால் நின்றிருக்கிறார். நாற்பத்தாறு வயதில் ஒரு நாளாவது அவருக்கு இப்படி ஒரு விடியல் வந்திருக்குமா? எவ்வளவு களைத்திருப்பார் அந்த மனுஷன்.

மாஸ்க்கைக் கழற்றாமலே அழுதாள். காற்று ஒரு பக்கம் உள்ளே தள்ள, அழுகை ஒரு பக்கம் வெளியே தள்ள, மெஷின் குழம்பிப்போய்ப் பீப் பீப் என்றது. அவர் கூடத்திலிருந்து எழுந்து ஓடிவந்து கதவருகில் நின்றார். வந்து சுவிட்சை அணைத்து, பட்டையை அவிழ்த்து, பக்கத்தில் உட்கார்ந்தார். அவர் முழங்கையில் இன்னும் மாவு ஒட்டியிருந்தது.

போன் அடித்தது. அவர் எடுத்துக் கொடுத்தார். லாண்ட்ரியின் இரைச்சலுக்கு மேலே குச்சியின் குரல்.

"க்கா! எங்கக்கா இருக்க? ஒன்றரை மணி நேரமாச்சு. சூப்பர்வைசர் வேற என்னைப் பிடிச்சுக் கேக்கறாரு. பத்தொன்பது வருஷத்துல ஒரு நாள் லேட்டா வந்ததில்ல நீ, எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. என்னக்கா ஆச்சு?"

பெரியக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"ஒண்ணும் ஆகலடி" என்றாள். "தூங்கிட்டேன்."